திருத்துறைப்பூண்டியில் வாங்கிய நாலு அரிசி: ஆறு மாதம் சமைத்துப் பார்த்தது

மாசி மாதம் ஒரு வளைகாப்புக்குத் திருத்துறைப்பூண்டி போயிருந்தோம். திரும்பி பஸ் ஏறப் போகும் வழியில், பாரம்பரிய அரிசி என்று பலகை மாட்டிய ஒரு சின்னக் கடை கண்ணில் பட்டது. உள்ளே போய் நாலு அரிசி வாங்கினேன். தூயமல்லி 5 கிலோ, மாப்பிள்ளை சம்பா 2 கிலோ, பூங்கார் 2 கிலோ, கருப்பு கவுனி அரைக் கிலோ. தூயமல்லி கிலோ 95 ரூபாய், நடுவில் உள்ள இரண்டும் 100 ரூபாய், கவுனி கிலோ 190. வீட்டுக்கு எப்போதும் வாங்கும் பொன்னியோடு பார்த்தால் இது கூடுதல் விலைதான். அதனால் ஏனோதானோ என்று வடித்து முடித்துவிடாமல், எந்த அரிசி எதற்கு ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே சமைத்தேன். விசேஷப் பலகாரம் எதுவும் கிடையாது. சோறு, இட்லி, உப்புமா, கஞ்சி, பழையது, இவ்வளவுதான்.

கடைப் பெயரை எழுதப் போவதில்லை. நல்லதும் குறையும் இரண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இந்த மாதிரிக் கடைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில்தான், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் 2006 முதல் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கிக்கொண்டு போகும் விவசாயி அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அவர் 2018 டிசம்பரில் இறந்துபோனார், ஆனால் அந்த விதை இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வயலிலும் நெல்தான், அது நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். நாங்கள் சாப்பிடுவது கடையில் வாங்கிய அரிசி. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

சரி, கடை எப்படி? எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு அரிசிச் சாக்குக்கு முன்னாலும் அந்த நெல்லை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைக்கார அம்மா, "வாயில போட்டுக் கடிச்சுப் பாருங்கக்கா, அப்புறம் வாங்குங்க" என்று ஒரு பிடி எடுத்துக் கையில் கொடுத்தார். எத்தனை தீட்டு போட்டது, அதாவது தவிடு போக மில்லில் எத்தனை தடவை தீட்டியது என்று கேட்டேன். தூயமல்லி ஒரு தீட்டு, சிவப்பு அரிசிகளுக்குத் தீட்டே கிடையாது, உமி மட்டும் நீக்கியது என்றார். கேட்டதற்கெல்லாம் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

முதலில் தூயமல்லி, ஏனென்றால் அதைத்தான் தினமும் சாப்பிடலாம் என்று வாங்கினேன். புழுங்கல். பையில் ஒட்டியிருந்த சீட்டில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர், நாலு விசில் என்று போட்டிருந்தது. அப்படியே வைத்தேன். குக்கரைத் திறந்தால் களி. அன்றைக்கு மோர்க்குழம்பு, அதில் பிசைந்து எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். மறுநாள் தண்ணீரை இரண்டே காலாகக் குறைத்து இரண்டு விசிலில் இறக்கினேன், பரவாயில்லை, ஆனாலும் பருக்கை தனித்தனியாக நிற்கவில்லை. அத்தை ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தையில அறுத்த நெல்லும்மா, புது அரிசி. குக்கர்ல போடாத, வடி" என்றார். வடித்தேன். அரை மணி ஊறவைத்து, உலை நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, சரியாக இருபது நிமிஷம் கழித்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துக் கஞ்சி வடித்தால், அந்தச் சோற்றைப் பற்றி என்ன சொல்ல! பருக்கை சன்னமாக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல், மணம் என்று தனியாக மூக்கைத் தூக்காமல் ஒரு இனிப்பு மட்டும் கடைசியில் நிற்கிறது. வத்தக்குழம்பும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் குழம்பைச் சோறு அமுக்குவதும் இல்லை, சோற்றைக் குழம்பு அமுக்குவதும் இல்லை. வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டுக் குடித்தோம், அதுவும் நன்றாக இருந்தது.

இதே தூயமல்லியை ஆவணியில் மறுபடி வாங்கினேன். அதே கடை, அதே அறுவடையின் அரிசி, ஆறு மாதம் பழசானது. இப்போது குக்கரிலேயே ஒன்றுக்கு இரண்டே முக்கால் தண்ணீர், மூன்று விசில் வைத்தும் உதிரி உதிரியாக வந்தது! வடிப்பதற்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. அரிசி பழசாகப் பழசாக இறுகிக்கொண்டே போகும், தண்ணீர் கூடக் கேட்கும், வேக நேரமும் எடுக்கும். நம் பாட்டிகளுக்கெல்லாம் இது தெரிந்ததுதான், பழைய அரிசி என்று விலை கூடக் கொடுத்து வாங்கியவர்கள். எனக்கு இந்த ஆறு மாதத்தில்தான் கைப்பழக்கமாக வந்தது. கடை மேல் என் பெரிய குறையும் இதுதான். பையில் என்ன நோய்க்கு நல்லது என்று பத்து வரி அச்சடித்திருக்கிறார்கள், எந்த மாதம் அறுத்தது என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்தால் சமைக்கிறவளுக்கு முதல் நாள் களி ஆகாது. தண்ணீர் அளவை ஒரே கணக்காகப் போடுவதைவிட, புது அரிசிக்கு இவ்வளவு, பழசுக்கு இவ்வளவு என்று போடலாம்.

மாப்பிள்ளை சம்பா சுடு சோறாக எங்கள் வீட்டில் எடுபடவில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க ஊறவைத்து, ஒன்றுக்கு நாலு தண்ணீர், ஏழு விசில். வெந்தது நன்றாகத்தான் வெந்தது, ஆனால் சாம்பார் அதற்குள் இறங்கவே இல்லை, தவிட்டுத் தோல் தடுக்கிறது. சின்னவள் மென்று மென்று வாய் வலிக்கிறது என்று தட்டை நகர்த்திவிட்டாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது, பருக்கையின் முரட்டுத்தனம் போய் மெத்தென்று ஆகியிருந்தது, ஆனால் பொன்னியில் போட்ட பழையது மாதிரிக் கரைந்துபோகவில்லை, முழுசாக நின்றது. உப்பு, கொஞ்சம் தயிர், நசுக்கின சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள முதல் நாள் குழம்பைச் சுண்டவைத்தது, ஒரு மோர்மிளகாய். வயலுக்குப் போவதற்கு முன் இதைச் சாப்பிட்டுவிட்டுப் போன என் வீட்டுக்காரர், பதினொரு மணிக்கு வந்து டிபன் கேட்கவே இல்லை, ஒரு மணிக்குச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அதிலிருந்து மாப்பிள்ளை சம்பாவை ராத்திரியில் பழையதுக்கென்றே வேகவைக்கிறேன். பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்க இந்தச் சோற்றைத் தின்றான் என்று கதை சொல்வார்கள், எங்கள் அத்தையும் சொல்வார். அவன் தின்றதும் நீராகாரத்தோடு பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இட்லிக்கும் போட்டுப் பார்த்தேன். முழுக்க மாப்பிள்ளை சம்பா போட்டு அரைத்தது உப்பவில்லை, அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டது. அப்புறம் பாதிக்குப் பாதி குண்டு அரிசி சேர்த்தேன், அதாவது ஆடுதுறை 37. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இது நன்றாக வந்தது, தோசைக்கு இன்னும் நன்றாக வந்தது, ஓரம் மொறுமொறுவென்று சிவந்து. பழைய ரகம் எல்லாம் உசத்தி, புது ரகம் எல்லாம் மட்டம் என்று பேசுகிறவர்களிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து நம் மண்ணுக்காக நெல் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர்களுடைய 37-ஐப் போட்டு அரைத்த இட்லியின் மிருதுவை எந்தச் சிவப்பு அரிசியும் என் அடுப்பில் தரவில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கும்பகோணம் கடப்பா ஊற்றிச் சாப்பிட அந்த வெள்ளை இட்லிதான் வேண்டும்.

இந்த நாலில் என்னை ரொம்பச் சந்தோஷப்படுத்தியது பூங்கார். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் அரிசி என்றுதான் இதற்குப் பெயர். நான் அரிசி உப்புமாவுக்கு எடுத்தேன். முதல் தடவை தோற்றது, அதற்கும் பைதான் காரணம். பச்சையா புழுங்கலா என்று மேலே போடவில்லை, நானும் கேட்கவில்லை. உடைத்துக் கிளறினால் மணல் மாதிரி தனித்தனியாக நிற்கிறது, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சேரவில்லை. கடைக்குப் போன் செய்தேன், அது புழுங்கல் என்றார்கள். பச்சை வேண்டும் என்றதும் மீதி ஒன்றரைக் கிலோவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

பச்சரிசி பூங்கார் வந்ததும் ஒரு டம்ளரைக் கழுவி நிழலில் துணி மேல் உலர்த்தினேன். ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம் சேர்த்து மிக்ஸியில் ரவை பருவத்துக்கு உடைத்தேன். உருளியில் தேங்காயெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வத்தல் மிளகாய், பெருங்காயம், கருவேப்பிலை. சாதாரணப் பச்சரிசி ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விடுவேன், இதற்கு மூன்றே கால் கேட்டது. தேங்காய்த் துருவல் தண்ணீரோடு சேர்த்தே கொதிக்க வேண்டும், பிறகு தூவினால் அந்தச் சேர்மானம் வராது. ரவையைக் கொட்டிக் கிளறி, மூடி, அடுப்பை நன்றாகத் தணித்து இருபது நிமிஷம் தொடாமல் விட்டேன். திறந்தபோது வந்த வாசனைக்கு அத்தை கூடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். நிறம் கேழ்வரகு மாதிரி, சின்னவள் ராகிக் களி என்றே நினைத்தாள். ஆனால் வாயில் போட்டால் பூப்பூவாக உதிர்கிறது, மிளகு காரத்துக்குக் கீழே ஒரு வேர்க்கடலைச் சுவை. உருளி அடியில் பிடித்த காந்தலைச் சுரண்ட இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை. தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காய் கொத்சு. அதற்குப் பிறகு வாரம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் இதுதான்.

கவுனி அரைக் கிலோ போதும். அது செட்டிநாட்டுக்காரர்கள் கைப்பக்குவம், தேங்காயும் சர்க்கரையும் போட்டு அவர்கள் செய்கிறபடியே ஒரு தடவை செய்தேன், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள். இரவு ஊறவைத்த கருநீலத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும், பத்து விசில் பிடிக்கும். தினப்படிக்கு இந்த விலைக்கு வாங்க மாட்டேன்.

மற்ற குறைகள். சிவப்பு அரிசியில் கிலோவுக்கு இருபது முப்பது நெல் கிடந்தது, முறத்தில் புடைத்தால் போய்விடும், கல் இல்லை. சித்திரையில் மாப்பிள்ளை சம்பாவில் வண்டு வந்தது. தவிடு நீக்காத அரிசிக்கு இது வரத்தான் செய்யும், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ரொம்ப நாள் வைத்தால் சிக்கு வாடையும் வரும், அதனால் இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். நான் அவசரத்தில் மொட்டை மாடி வெயிலில் கொட்டினேன், வண்டு ஓடிவிட்டது, அரிசி விரிசல் விட்டு வேகும்போது நொய்யாகிவிட்டது. நிழலில் பரப்பி, புடைத்து, காய்ந்த வேப்பிலையோடு மூடி வைப்பதுதான் சரி.

அப்புறம் அந்தப் பத்து வரி. சர்க்கரையை விரட்டும் என்று பையில் போட்டிருப்பதைக் கடைக்காரர் எடுத்துவிட வேண்டும். எங்கள் மாமாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. சிவப்பு அரிசி கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது, நார் அதிகம், அது நிஜம். ஆனால் அதை நம்பி இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்ட வாரம் அவருக்குச் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. அரிசி அரிசிதான், மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு ருசியான அரிசியை ருசிக்காகவே விற்கலாம்.

வெளியூருக்கும் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறார்கள், 10 கிலோவுக்கு மேல் என்றால் நல்லது, இல்லாவிட்டால் பார்சல் கூலி கட்டாது. போன் செய்யும்போதே எந்த மாதம் அறுத்தது, பச்சையா புழுங்கலா, எத்தனை தீட்டு, இந்த மூன்றையும் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

ஆவணியில் போனபோது அரிசியோடு தூயமல்லி விதை நெல்லும் வாங்கி வந்தோம். இந்தச் சம்பா பருவத்துக்கு ஒரு மா நிலம், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், கொள்முதலுக்குப் போகாமல் வீட்டுக்கென்று விடுவதாக வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நாற்றங்காலில் இன்றோடு பன்னிரண்டு நாள்.