வெள்ளவத்தையில் கதிரை வாடகைக்கு எடுத்த கதை

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் கண்காணிப்புக்குத் தொண்டராகப் போய், காலை 7 முதல் மாலை 4 வரை வாக்குச்சாவடியில் நின்றே கால் வீங்கியவன் நான். அதனாலோ என்னவோ, எங்கள் ஒழுங்கைப் பொங்கலுக்குக் கதிரை எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகைக் கடை. சொன்ன நேரத்துக்கு லொறி வந்தது, ஒலிபெருக்கியும் அருமை, பம்பலப்பிட்டி வரை கேட்டிருக்கும். ஆனால் கதிரைகள்! பெரியம்மா ஒருவர் இருந்ததும் கதிரைக் கால் விரிந்து, பானைக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார், நல்லகாலம் அடிபடவில்லை. வெடிப்பை டேப் சுற்றி மறைத்திருக்கிறார்கள். சரி, முற்பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்றால், படுதோல்வி கண்ட வேட்பாளரின் கட்டுப்பணம் மாதிரித்தான், போனது போனதுதான். ஒலிபெருக்கிக்கு மட்டும் போங்கள். கதிரை எடுப்பதென்றால் ஒவ்வொன்றிலும் இருந்து பார்த்து எடுங்கள்.