பழைய கித்தாரைப் படம் பார்த்து வாங்குவது: மார்ட்டினா, கிப்சனா, யமஹா சிவப்பு லேபிளா?

போன வருடம் தீபாவளிக்கு முன்பு, ஜப்பானில் இருக்கும் ஒருவரிடமிருந்து 1974ஆம் ஆண்டு மார்ட்டின் கம்பெனி செய்த டி-18 மாடல் கித்தார் ஒன்றை வாங்கினேன். தொட்டுப் பார்க்கவில்லை, ஒரு தந்தியைக்கூட மீட்டிப் பார்க்கவில்லை, முப்பது நாற்பது படங்களும் ஒரு வீடியோ அழைப்பும்தான். அன்றிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் என்னைப் பார்க்கிற வாசிக்கிற பையன்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "எப்படிண்ணே நம்பிக் காசு போட்டீங்க?" நம்பி எல்லாம் போடவில்லை. அதற்கு முன்னால் ஒரு கிப்சனில் நன்றாகச் சூடுபட்டிருந்தேன். மச்சான் வீட்டில் யமஹா எஃப்ஜி-180, உள்ளே சிவப்புக் காகிதம் ஒட்டியிருப்பதால் சிவப்பு லேபிள் என்கிற பழைய மாடல் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது, அதைக் குடைந்து குடைந்து பார்த்திருக்கிறேன். மூன்றையும் மனதில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன், என் சாய்வு மார்ட்டின் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. மூன்றும் நல்ல கித்தார்கள், மூன்றும் வேறு வேறு குரல், வாங்குகிறவர் காது எது கேட்கிறதோ அதுதான். விலையும் எல்லாருக்கும் தெரிந்த கதை: யமஹா கைக்கு எட்டும், மற்ற இரண்டும் சேமிப்பில் கைவைக்கச் சொல்லும். எனக்கு முக்கியம் வேறு ஒன்று. விற்கிறவர் சொல்வது பொய்யானால், அந்தப் பொய்யை வீட்டில் உட்கார்ந்தபடி படத்திலிருந்தே பிடிக்க முடியுமா?

பொய் என்றதும் முழுக் கித்தாரும் போலி என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். தோட்டத்து லயத்தில் காப்போக் என்ற மலிவுக் கித்தாரில் விரல் தேய்த்துக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள், அந்தக் காப்போக்கின் தலையில் பெரிய கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி மேடை ஏறிய அண்ணன்மார்களையும் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரிப் போலியை ஒரு படத்திலேயே பிடித்துவிடலாம். பணத்தைத் தின்பது அது இல்லை. கித்தார் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் சொன்ன வருடத்தில் செய்ததாக இருக்காது, அல்லது பாதிப் பாகம் மாறியிருக்கும், அல்லது உடைந்து ஒட்டிய தலையின் மேல் புதுப் பாலிஷ் ஏறியிருக்கும்.

என் கிப்சன் கதை அப்படித்தான். பி-25 மாடல், 1964ஆம் வருடம் என்று விற்றவர் போட்டிருந்தார், உள்ளூர்க்காரர்தான், நன்றாகப் பேசினார். தலைக்குப் பின்னால் இருந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார், நானும் தேடிப் பார்த்தேன், 1964க்கும் பொருந்தியது. பொருந்தத்தான் செய்யும், ஏனென்றால் கிப்சன் 1960களில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வருடங்களில் போட்டிருக்கிறது, 1970 முதல் 1975 வரை போட்ட ஆறிலக்க எண்களும் பழையவற்றோடு மோதுகின்றன. கித்தார் வந்து சேர்ந்ததும், தலைக்குக் கீழே தந்திகள் பதிந்து நிற்கும் நட்டின் அகலத்தை அளந்தேன். 40 மில்லிமீட்டர்தான் இருந்தது. கிப்சன் 1965இல்தான் நட்டைச் சுமார் 43 மில்லிமீட்டரிலிருந்து அந்த அளவுக்குக் குறுக்கியது. தலை சாய்ந்திருந்த கோணமும் குறைவு, பழைய 17 பாகை இல்லை, 1966 வாக்கில் வந்த 14 பாகை. ஆக 64 இல்லை, குறைந்தது இரண்டு வருடம் பிந்தியது. போலி இல்லை, நல்ல கித்தார்தான், ஆனால் நான் 64க்கு உண்டான விலையைக் கொடுத்திருந்தேன். திருப்பி விற்றபோது உண்மையான வருடத்தைச் சொல்லி விற்றேன், 1,400 வெள்ளி (ரிங்கிட்) கையைவிட்டுப் போனது.

அதற்காகக் கிப்சன் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எண்ணை நம்பாமல் உடம்பை நம்பினால் வருடத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். நட்டின் மேல் ஸ்கேல் வைத்த படம், தலையைப் பக்கவாட்டில் எடுத்த படம், நெக் என்கிற கழுத்துக் கட்டை தலையோடு சேரும் இடத்தின் பின்பக்கப் படம், இந்த மூன்றையும் கேளுங்கள். அந்த இடத்தில் ஒரு புடைப்பு இருந்தால் அது 1970 ஒட்டியோ அதற்குப் பிந்தியோ செய்தது, எண்ணுக்குக் கீழே மேட் இன் யூஎஸ்ஏ என்ற முத்திரை இருந்தாலும் அதே கணக்கு. அந்தக் கழுத்துப் பகுதியில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் தலை உடைந்து ஒட்டியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கிப்சனில் அது சர்வ சாதாரணம். என் அனுபவம் இந்த ஒரே ஒரு கிப்சனோடு சரி, அதனால் ஜே-45, ஹம்மிங்பேர்ட் போன்ற மற்ற கிப்சன் மாடல்களைப் பற்றி நான் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

இப்போது மார்ட்டினுக்கு வருகிறேன். 1898லிருந்து மார்ட்டின் தன் கித்தார்களுக்கு ஒரே வரிசையில் எண் போட்டு வருகிறது, நடுவில் திரும்பத் தொடங்கவில்லை, இரண்டு தடவை போடவில்லை. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒட்டவும் இல்லை. நடுவில் இருக்கும் வட்டத் துளையான சவுண்ட் ஹோல் வழியாக நெக் பக்கம் பார்த்தால் தெரிகிற மரக்கட்டையில் அழுத்திப் பதித்திருக்கும், 1930லிருந்து மாடல் பெயரும் அதன் மேலேயே இருக்கும். ஒவ்வொரு வருடமும் எந்த எண்ணில் முடிந்தது என்ற பட்டியல் எல்லாருக்கும் கிடைக்கிறது. 1973 முடிந்தது 333873இல், 1974 முடிந்தது 353387இல். எனக்குக் காட்டிய கட்டையில் 34இல் தொடங்கும் ஆறிலக்க எண் இருந்தது, சரி.

ஆனால் எண் சரி என்றதும் நான் காசை அனுப்பிவிடவில்லை, எண்ணைப் பதிக்க ஒரு அச்சும் சுத்தியலும் போதும். எண் சொல்கிற வருடத்துக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் நான் மாய்ந்து மாய்ந்து பார்த்தது. மார்ட்டின் எதை எந்த வருடம் மாற்றியது என்பது ஏறக்குறைய எல்லாமே பதிவாகி இருப்பதால் இதைச் செய்ய முடிகிறது. முதலில் டிரஸ் ராட், அதாவது நெக் வளையாமல் இருக்க அதற்குள் வைக்கும் கம்பி. மார்ட்டின் முறுக்கித் திருத்தக்கூடிய டிரஸ் ராடை 1985இல்தான் கொண்டுவந்தது. 1974 என்று சொல்கிற கித்தாரின் சவுண்ட் ஹோலுக்குள் ஆலன் சாவி நுழைகிற துளை தெரிந்தால் பேச்சே வேண்டாம், நன்றி சொல்லி வைத்துவிடலாம். இந்த ஒரு சோதனையிலேயே சீனாவில் செய்து பழசாக்கி விற்கிற போலிகளில் பெரும்பாலானவை விழுந்துவிடும் என்று நினைக்கிறேன். அடுத்தது உள்ளே இருக்கும் சட்டங்கள். டாப் என்கிற மேல்பலகைக்கு அடியில் இருக்கும் அந்தச் சட்டங்களைக் குடைந்து மெலிதாக்குவதை மார்ட்டின் 1944 கடைசியில் நிறுத்தியது, 70களின் சாதாரண டி-18இல் அவை நேராகத் தடித்து இருக்க வேண்டும். தந்திகளின் அடி முனை மாட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் உள்ள தகடு 60களின் கடைசியிலிருந்து பெரிய ரோஸ்வுட் தகடு. டாப்பைக் கீறாமல் காக்க ஒட்டும் பிக்கார்ட் கறுப்பு. பழுப்பு ஆமை ஓட்டு நிறம் 1967 வாக்கிலேயே போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி குறைகள்தான். அந்தக் காலத்தில் மார்ட்டின் பிக்கார்டை நேரே வெறும் மரத்தில் ஒட்டி அதன் மேல்தான் பாலிஷ் அடித்தது. பிளாஸ்டிக் வருடக்கணக்கில் சுருங்க, மரத்தை இழுக்க, பிக்கார்ட் ஓரத்தில் டாப் நீளவாக்கில் கீறிவிடும். 70களில் பிரிட்ஜ் கொஞ்சம் தள்ளி ஒட்டப்பட்டு, மேல் ஃப்ரெட்களில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சுருதி விலகும் மார்ட்டின்களும் நிறைய உண்டு. எனக்கு வந்ததில் பிக்கார்ட் ஓரத்தில் ஒட்டிச் சரிசெய்த கீறல் இருக்கிறது, பிரிட்ஜில் தந்திகள் ஏறி நிற்கும் சேடலின் பள்ளத்தை ஒருவர் அடைத்துப் புதிதாக வெட்டிய தடமும் இருக்கிறது. விற்றவர் அதைக் குறையாகச் சொல்லித் தயங்கினார், எனக்கோ அங்கேதான் நிம்மதி வந்தது. போலி செய்கிறவன் எண்ணைப் பதிப்பான், லோகோ ஒட்டுவான், தொழிற்சாலை செய்த தப்பையும் ஐம்பது வருடம் கழித்து அதற்கு ஒருவர் பார்த்த வைத்தியத்தையும் சேர்த்துச் செய்ய மாட்டான்.

ரோஸ்வுட்டில் செய்யும் டி-28 மாடலைத் தேடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1969 கடைசியில் மார்ட்டின் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, அப்படி வந்த முதல் டி-28இன் எண் 254498. யாராவது "1971, பிரேசில் ரோஸ்வுட்" என்று கூடுதல் விலை சொன்னால் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேசில் மரம் உண்மையாகவே இருந்தாலும் தலைவலி உண்டு, 1992லிருந்து அது, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, நாடுவிட்டு நாடு அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாமல் "பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் வாங்கி, அது சுங்கத்தில் நின்றுவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நான் டி-18 பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம், அதன் முதுகும் பக்கங்களும் மஹோகனி.

படங்களை எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். கையில் ஏற்கெனவே இருக்கும் அழகான படங்கள் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய சீட்டைச் சவுண்ட் ஹோலுக்குள் வைத்து, அந்தச் சீட்டும் கட்டையில் உள்ள எண்ணும் ஒரே படத்தில் வர வேண்டும் என்றேன். அப்புறம் கைப்பேசியை உள்ளே விட்டு மேல்நோக்கி வீடியோ. நேர்மையானவருக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை, இவர் அன்று இரவே அனுப்பிவிட்டார். இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்தும் காட்டினார். பழைய நைட்ரோ பாலிஷ் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும், பிறகு பூசிய இடம் திட்டாகத் தனித்துத் தெரியும். கேமரா வழியாக நிறத்தை அப்படியே நம்ப முடியாது, அதனால் திட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு குறிப்பு. நைட்ரோ பாலிஷில் விழும் நுண்ணிய வெடிப்புகள் பெரும்பாலும் குளிரும் சூடும் மாறி மாறித் தாக்குவதால் வருகிறவை. "தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தது" என்று இங்கேயே ஒருவர் விற்கும் கித்தாரில் உடம்பு முழுக்கக் கண்ணாடி நொறுங்கியது போல் வெடிப்பு இருந்தால் நான் இன்னும் நாலு கேள்வி கேட்பேன். நம் ஈரத்தில் ஐம்பது வருடம் இருந்த கித்தாரின் அடையாளம் வேறு: துருப்பிடித்த பிருடைகள், உள்ளே பூஞ்சணம், வயிறு தள்ளிய டாப், தூக்கிக்கொண்ட பிரிட்ஜ்.

யமஹா சிவப்பு லேபிளைப் பார்ப்போம். எஃப்ஜி-180 1966இல் வந்தது, மச்சானுடையது அவர் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது வாங்கியது, வாங்கிய ஆளே இருப்பதால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஊர் பேர் தெரியாத ஒன்றைப் படத்தில் பார்த்தால், சாட்சி என்று இருப்பது உள்ளே ஒட்டிய காகிதம்தான். காகிதத்தைப் பெயர்க்கலாம், அச்சடிக்கலாம். நிப்பான் கக்கி என்ற கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும், ஏனென்றால் யமஹா கார்ப்பரேஷன் என்று அவர்கள் பெயர் மாற்றியது 1987இல். தைவானில் செய்தவையும் உண்டு, அவை போலி அல்ல, ஆனால் ஜப்பான் விலைக்கு விற்பது தப்பு. 2019இல் யமஹாவே சிவப்பு லேபிள் என்று ஒரு புது வரிசையைக் கொண்டுவந்திருக்கிறது, "ரெட் லேபிள்" என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள். இவ்வளவு சொன்னாலும், யமஹாவைப் போலியாகச் செய்து சம்பாதிக்க முடியாது, ஆயிரம் வெள்ளிச் சரக்குக்கு யார் மெனக்கெடுவார்கள்? அதோடு அதன் டாப் பல அடுக்கு ஒட்டுப் பலகை, நம் ஈரத்தையும் வெயிலையும் தாங்குவதில் மார்ட்டினைவிட அதற்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

அதன் பலவீனம் நெக். எந்தப் பழைய கித்தாரிலும் தந்தி இழுத்து இழுத்து நெக்கின் கோணம் மாறும், ஒரு நாள் கழற்றித் திருப்பிப் பொருத்த வேண்டி வரும். மார்ட்டினில் அந்த மூட்டு நீராவிக்கு இளகும். சிவப்பு லேபிள் யமஹாவில் பசை கல் மாதிரி, ரிப்பேர் செய்கிறவர்கள் பலர் அதைத் தொடவே யோசிப்பார்கள், செலவு கித்தாரின் விலையைத் தாண்டலாம். ஈப்போவில் ஃப்ரெட் மாற்ற ஆள் இருக்கிறார், நெக் கழற்ற எனக்குத் தெரிந்தவர் கோலாலம்பூரில்தான் இருக்கிறார். அதனால் எந்தக் கித்தாரானாலும் ஒரு நீளமான நேர் ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் படுக்கவைத்து, அதன் முனை பிரிட்ஜில் எங்கே முட்டுகிறது என்று படம் கேளுங்கள். பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட்டால் நல்லது, அதற்குக் கீழே போய் முட்டினால் அந்தச் செலவு இனி உங்களுடையது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மார்ட்டின்களை நான் கையில் எடுத்ததே இல்லை, அந்த விலையில் வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் நேரே தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் சரி. மச்சான் மகன் இந்த வாரம் ஒரு சிவப்பு லேபிள் படம் அனுப்பியிருக்கிறான், பினாங்கில் ஒருவர் 900 வெள்ளி சொல்கிறாராம். லேபிள் சரியாகத்தான் தெரிகிறது. ஸ்கேல் வைத்த படம் இன்னும் வரவில்லை, அது வரும்வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன்.