வாட்ஸ்அப், ஃபேஸ்புக், கூகுள் ஷீட்: தொழிலுக்கு நின்று பலன் தருவது எது?

சமூக ஊடகத்தில் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் திறப்பது அரை மணி நேர வேலை. அதனால் தொழிலுக்கு ஏதாவது வந்து சேர மாதக்கணக்கு ஆகும். அதுவும், வெளியே வாடிக்கையாளர் கேட்பது உள்ளே வேலை செய்பவர்களின் கண்ணில் படும்படி ஒரு பாதை போட்டு வைத்தால்தான். அந்தப் பாதை இல்லாத இடங்களில் லைக் ஏறும், விற்பனை அசையாது. ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் பிசினஸ், எல்லோரும் சேர்ந்து எழுதும் கூகுள் ஷீட், ஒரு சின்ன விக்கி (யாரும் திருத்தக்கூடிய குறிப்புப் பக்கங்கள்) ஆகிய நான்கையும் ஒன்றாக நீண்ட நாள் ஓட்டும்போது எது நிலைக்கிறது, எது கழன்று விழுகிறது என்று பார்ப்போம்.

முதலில் பலன் தெரிவது வாட்ஸ்அப் பிசினஸில். 2018 ஜனவரியில் வெளிவந்த இந்த ஆப்பில் 500 பொருள்கள் வரை கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) வைக்கலாம். குவிக் ரிப்ளை எனும் தயார் பதில்களை 50 வரை எழுதி வைத்துக்கொண்டு, சாய்கோட்டைத் தட்டி எடுத்து அனுப்பலாம். ஒரு போனுடன் இன்னும் 4 கருவிகளை இணைக்கலாம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். புது மெசேஜை ஒருவர் திறந்து பார்த்த உடனே மற்ற எல்லாக் கருவிகளிலும் அந்தப் பச்சை எண் மறைந்துவிடும். திறந்தவர் பதில் போடாமல் சாப்பிடப் போய்விட்டால் அந்தக் கேள்வி அநாதை. "அவர் பார்த்துக்கொள்வார்" என்று மற்றவர்கள் இருப்பார்கள். வாடிக்கையாளரோ நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். இதற்கு மருந்து இரண்டு. பதில் போடாமல் மூடினால் 'படிக்காதது' என்று குறித்துவிட்டு மூடுவது. வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு லேபிள் வைத்து, எடுத்தவர் தன் லேபிளைப் போட்டுக்கொள்வது. இன்னொன்று: மூலப் போனை மேசை டிராயரில் போட்டுவிட்டு 14 நாள் திறக்காமல் இருந்தால், இணைத்த கருவிகள் எல்லாம் தானாக வெளியேறிவிடும். அது நடப்பது பெரும்பாலும் விடுமுறை முடிந்து கூட்டம் வரும் காலையில்!

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். 'அனுப்பினோம், யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று புலம்புபவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. முதல் ஆர்டரின்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுவது நல்லது. அதற்காக வாடிக்கையாளர்களை ஒரு குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், ஒரே ஒரு புகாரை மொத்தக் குழுவும் படிக்கும்.

இனி ஷீட். எங்கள் பார்வையில் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு இதுதான். ஆறு நெடுவரிசை போதும்: தேதி, எங்கிருந்து வந்தது, கேள்வி, யார் பொறுப்பு, நிலை, முடிந்த தேதி. ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டாவது வாரமே அதை யாரும் நிரப்ப மாட்டார்கள். 'எங்கிருந்து', 'நிலை' இரண்டுக்கும் டிராப்டவுன் (எழுதாமல் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) கட்டாயம். இல்லையென்றால் 'வாட்ஸ்அப்', 'வாட்சப்', 'வாட்ஸப்' என்று ஒரே இடம் மூன்றாகி எண்ணிக்கை குழம்பும். கேள்வியை மட்டும் வாடிக்கையாளர் சொன்ன அதே வார்த்தைகளில் எழுத வேண்டும். 'டெலிவரி குறித்த விசாரணை' என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவீங்களா?' என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

வாரம் ஒரு முறை அந்தக் கேள்வி நெடுவரிசையை மட்டும் உட்கார்ந்து படியுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த கேள்விக்கு விக்கியில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஒரு குவிக் ரிப்ளை, ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு. 'இன்று என்ன பதிவு போடுவது' என்று மண்டையைக் குடையும் வேலையே இருக்காது. ஆள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் பதிவுக்கு, பண்டிகை வாழ்த்துப் படத்தைவிட விசாரணை கூடுதலாக வரும். லைக் குறைவாகத்தான் விழும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஷீட்டில் அடிக்கடி நடக்கும் விபத்து, வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டும் ஃபில்டர். ஒருவர் தன் வேலைக்காக ஃபில்டர் போட்டால், ஷீட்டைத் திறக்கும் எல்லோருக்கும் வரிசைகள் மறைந்துபோகும். 'நான் எழுதியதை யாரோ அழித்துவிட்டார்கள்' என்று சண்டை வரும். ஃபில்டர் வியூ என்ற தனி வசதியைப் பயன்படுத்தினால் அவரவர் திரையோடு முடிந்துவிடும். இதைவிட மோசம், ஒரே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவது. தேதி ஒரு வரியிலும் அதற்குரிய கேள்வி வேறொரு வரியிலும் போய் நிற்கும். கையால் சரிசெய்ய இறங்காதீர்கள். பதிப்பு வரலாற்றைத் திறந்து, விபத்துக்கு முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.

விக்கி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வார்டு கன்னிங்ஹாம் 1995இல் முதல் விக்கியைத் திறந்தபோது இருந்த பலமும் பலவீனமும் இன்றும் அப்படியே இருக்கின்றன: யாரும் திருத்தலாம் என்பதால் யாரும் திருத்துவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். தேதி பழசானால் அந்தப் பக்கத்தை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 'அதெல்லாம் சாட்டில் இருக்கிறதே' என்று விட்டுவிட வேண்டாம். அலுவலக உரையாடல் ஆப்பான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடந்த 90 நாள் உரையாடல்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் யாரும் யோசிக்காத ஒன்று, கணக்கு யாருடையது என்பது. ஃபேஸ்புக் பக்கம் ஒரு ஊழியரின் சொந்தக் கணக்கில் தொங்கும். ஷீட் இன்னொருவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும். கணக்கில் நுழையக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு, வேலையை விட்டுப் போனவரின் போனுக்குப் போகும். பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். கோப்புகள் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கில் உருவாக வேண்டும். சொந்தக் கணக்கை அதன் உரிமையாளர் அழித்தால், அவர் பகிர்ந்த கோப்புகளும் கூடவே போய்விடும்.

தளத்தை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. ஆர்குட் 2014இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். அங்கே சேர்த்த கூட்டத்தை யாராலும் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. அனுமதி கேட்டு வாங்கிய போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் சொந்தப் பட்டியலில் இருந்தால், தளம் போனாலும் வாடிக்கையாளர் போக மாட்டார்.

மாதத்தின் முதல் வேலைநாளில் ஷீட்டையும் அந்தப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். அப்படியே ஷீட் யார் யாருடன் பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, விலகிப் போனவர்களின் பெயரை நீக்குங்கள். பத்து நிமிட வேலைதான். இதற்கும் ஒருவர் பெயரை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது மாதமே நின்றுபோகும்.