ஊட்டி, குன்னூர் பக்கம் கல்யாண டிவிடியை 'நாலு கே' ஆக்கக் கொடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

வீட்டில் பழைய கல்யாண டிவிடி, காதுகுத்து டிவிடி வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எங்கள் அக்கா கல்யாண டிவிடிகளை பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி ஊட்டியில் ஒரு வீடியோ கடையில் கொடுத்தேன். சாதாரணமாக என்றால் டிஸ்க்குக்கு 300 ரூபாய், 'நாலு கே குவாலிட்டி' என்றால் 800 ரூபாய். டிவிடியைவிடப் பல மடங்கு தெளிவாக இருக்கும், இப்போதைய பெரிய டிவிக்கு அதுதான் சரி என்று அடித்துச் சொல்லி 800 வாங்கினார்கள். கைக்கு வந்தது டிவிடியைவிட மட்டமான படம். அதோடு ஒரு டிஸ்க்கையும் கெடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

2006-ல் குன்னூரில் நடந்த கல்யாணம் அது. எங்கள் அம்மாச்சி நடமாடுகிற, பேசுகிற ஒரே வீடியோ இதுதான், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். மண்டபத்துப் படியில் இறங்கி வந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து அவர் கும்பிடுவார். கடைக்காரர் கொடுத்த ஃபைலில் அந்தக் கை அசையும்போதெல்லாம் விரல் ஓரம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிகிறது. முகம் பக்கவாட்டில் இழுபட்டு ஆள் குட்டையாகத் தெரிகிறார். ஓரத்தை வேறு வெட்டியிருக்கிறார்கள், படத்தின் அடியில் ஓடிய பெயர்களில் பாதி எழுத்து இல்லை. கேமரா திரும்புகிற இடமெல்லாம் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது.

கேட்டதற்கு, "டிவிடி பழசுண்ணா, அதுல இருக்கிறதுதான் வரும்" என்றார்கள். அது பொய். கோவையில் படிக்கிற அக்கா மகன் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று கொண்டுவந்து, அதே டிஸ்க்கை விஎல்சி என்கிற வீடியோ ப்ளேயர் சாஃப்ட்வேரில் போட்டு டீஇன்டர்லேஸ் என்கிற வசதியை மட்டும் ஆன் செய்தான். கோடு போய்விட்டது, கை வழுக்கிக்கொண்டு நகர்கிறது, முகம் முகமாக இருக்கிறது. டிஸ்க்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், உங்களிடம் இதே கதையை விட்டால் தெரிந்துகொள்ளலாம். நம் ஊர் டிவிடி 'பால்' (PAL) என்கிற டிவி முறையில் வரும், 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படம். அந்தக் காலத்துக் கல்யாண கேமரா ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது. முதலில் ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பாதி, ஐம்பதில் ஒரு நொடி கழித்து மீதிக் கோடுகள். பழைய குண்டு டிவி அதை அப்படியே அடுத்தடுத்துக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போதைய டிவிக்கோ கம்ப்யூட்டர் ஃபைலுக்கோ மாற்றும்போது இந்த இரண்டு பாதிகளையும் முதலில் பிரித்துச் சீர் செய்ய வேண்டும், அதற்குப் பெயர்தான் டீஇன்டர்லேஸ். அதைச் செய்யாமல் படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் கோடுகளும் சேர்ந்து பெரிதாகி ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்புறம் எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. எங்கள் ஃபைலுக்கு நடந்தது இதுதான்.

'நாலு கே' கணக்கையும் பாருங்கள். டிவிடி படத்தில் மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 3840-க்கு 2160 என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். இருபது மடங்கு! டிஸ்க்கில் இல்லாத மீதியை மெஷின் ஊகித்து நிரப்புகிறது. அதிலும் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு நாலு ஜிபிக்கு மேல் எடுத்திருந்த காட்சியை, அத்தனை பெரிய படமாக ஊதிவிட்டு ஒன்றரை ஜிபிக்குள் அமுக்கியிருக்கிறார்கள். படம் பெரிசு, உள்ளே விஷயம் குறைவு. நொடிக்கு 25 படத்தை 30 ஆக்கியதால் ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒன்று இரண்டு முறை வந்து நிற்கிறது, அந்தத் தடுக்கலுக்கு அதுதான் காரணம். 4-க்கு 3 அளவில் எடுத்த படத்தை 16-க்கு 9 ஆக இழுத்தால் முகம் இழுபடத்தான் செய்யும்.

கெட்டுப்போன டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். நம் மலையில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்காத வீடு குறைவு. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை, கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனியிலிருந்தே மழை. பீரோவுக்குள் வைத்த புடவையே நமத்துப்போகும். எங்கள் டிஸ்க் ஒன்றிலும் ஓரத்தில் லேசாக வெள்ளைப் பூத்திருந்தது, ஆனால் கொடுப்பதற்கு முன் வீட்டு ப்ளேயரில் கடைசிவரை ஓடியது. திரும்பி வந்தபோது டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டம் வட்டமாகத் துடைத்த கீறல்! டிவிடியில் தகவல் வட்டச் சுற்றாகத்தான் எழுதப்பட்டிருக்கும். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்காக விழும் கீறலை ப்ளேயர் ஓரளவு சமாளித்துவிடும், சுற்றோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை மறைத்துவிடும். பூஞ்சை பொதுவாக மேலே பிளாஸ்டிக்கில்தான் இருக்கும், தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருக்கிறது. மென்மையான துணியும் லேசான சோப்புத் தண்ணீரும் எடுத்து நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைத்திருந்தால் போதும். இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். அந்த டிஸ்க் இப்போது முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது.

மீதி டிஸ்க்குகளை அக்கா மகனே மாற்றினான். முதலில் டிஸ்க்கில் படமெல்லாம் இருக்கிற வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்கிற ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தான், அதில் கை வைப்பதில்லை. பிறகு வீடியோவை மாற்றுவதற்கு இலவசமாகக் கிடைக்கிற ஹேண்ட்பிரேக் என்கிற சாஃப்ட்வேரில், படத்தை அமுக்குகிற முறைக்கு எச்.264, தர எண் 18, டீஇன்டர்லேஸுக்கு பிடபிள்யூடிஃப் (Bwdif) என்கிற ஃபில்டர், அதில் பாப் (Bob) என்கிற தேர்வு. அதனால் இரண்டு பாதிகளும் தனித்தனிப் படமாகி நொடிக்கு 50 வருகிறது, அசைவு அசலில் இருந்த மாதிரியே இருக்கிறது. அளவு 576 கோடுகளாகவே விட்டான், ஓரம் வெட்டவில்லை, 4-க்கு 3 வடிவம் மாறவில்லை, சத்தத்தை மறுபடி அமுக்காமல் அப்படியே கடத்தினான். அந்தத் தர எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். இந்த மாதிரி படத்துக்கு 18-லிருந்து 22-க்குள் வைத்தால் போதும் என்று ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்கிறார்கள். பெரிதாக்குகிற வேலையை டிவி பார்த்துக்கொள்ளும்.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் வீடியோ டிஎஸ் ஃபோல்டரின் மாற்றாத காப்பி வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டி வாங்கச் சொல்லுங்கள். முழுசாகப் பணம் கொடுக்கும் முன் யாராவது நடக்கிற, கையசைக்கிற இடமாக இரண்டு நிமிடம் மாற்றித் தரச் சொல்லி, வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். அசையாத மேடைக் காட்சியைப் போட்டுக் காட்டினால் ஒன்றும் தெரியாது. எங்களிடம் அந்தக் கடைக்காரர் டிஸ்க்குக்கு 300 திருப்பித் தருவதாகச் சொன்னார். கீறின டிஸ்க்குக்கு என்ன பதில் என்று கேட்டதற்கு ஃபோனை வைத்தவர்தான், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.