நத்தார் விளக்கு: பீலிக் கிளிப்பா, ஒட்டுக் கிளிப்பா?

குருநகர், பாசையூர்ப் பக்கம் நத்தார் விளக்குகள் ஏறும் நாட்களில்தான் யாழ்ப்பாணத்தில் மாரி மழையும் பெய்யும். அதனால் என் தெரிவு கூரையோரம் மழைநீர் ஓடும் பீலியின் விளிம்பில் கொளுவும் பிளாஸ்டிக் கிளிப்தான். ஈரத்திலும் விடாது, தை மாதம் கழற்றி அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம். அடிக்கு ஒன்று கொளுவினால் வயர் தொய்யாது.

பீலி இல்லாத வீட்டுக்கு ஒட்டுக் கிளிப் சரி, ஆனால் சுவர் காய்ந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த மதிலில் ஒட்டினால் இரண்டாம் நாளே கீழே கிடக்கும், முதுகில் வெள்ளைப் பொருக்கோடு. பெயின்ட் சுவரென்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே வயரை மாட்டுங்கள்.

ஆணி மட்டும் வேண்டாம். வயரின் உறை கிழிந்தால் உள்ளே 230 வோல்ட், பக்கத்தில் ஈரச் சுவர், கீழே விளையாடும் பிள்ளைகள்.