டிஸ்க்கில் எண்ணெய் அடித்துக் கொடுத்த கடை

அறுபதைத் தாண்டி சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. காரைக்குடியில்தான் நடந்தது, அது போதும்.

எனக்கு வயது 66. முன்பு இருந்தது கம்பி பிரேக் போட்ட கறுப்பு ஹெர்குலிஸ். பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949இல் தொடங்கிய கம்பெனியின் வண்டி என்று அப்பச்சி அதைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வார்கள். நல்ல வண்டிதான். ஆனால் முழங்கால் வலி வந்தபின் பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போடுவது பெரும்பாடாகிவிட்டது. தவிர, ஐப்பசி மழையில் அந்த இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் பிடிப்பது குன்றக்குடி முருகன் விட்ட வழி.

கடையில் இருந்த பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "உங்க வயசுக்கு டிஸ்க்தான் ஐயா சேஃப்டி. ஒத்தை விரலால தொட்டா நின்னுரும்" என்று ஒரு வண்டியை இழுத்துவந்து நிறுத்தினான். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் தகட்டைக் கவ்வி நிறுத்துவது), தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், 21 கியர். உட்கார்ந்ததும் "யூத் மாதிரி இருக்கீங்க" என்றான். அதில் விழுந்தேன், மறைப்பானேன். 14,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்து, ஒரிஜினல் பில் நாளைக்கு என்றான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் முதல் தப்பு தெரிந்தது. எங்களுடையது பழைய வீடு, தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி. வண்டியைத் தூக்கி ஏற்ற ஆச்சியும் ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. தெரு நாய்களெல்லாம் எழுந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம். கடைக்குக் கொண்டுபோனேன். பையன் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து இரண்டு டிஸ்க்கிலும் சர்ரென்று அடித்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பனியன் துணியால் ஒரு துடைப்பு. "இப்ப சத்தம் வருதா ஐயா?" வரவில்லை. டீ குடிக்கச் சொல்லி 20 ரூபாய் வேறு கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை குன்றக்குடி சாலை. ஒரு சின்ன இறக்கத்தில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. இரண்டு லீவரையும் பிடித்தேன். கைப்பிடியைத் தொடும் வரை அழுத்தினேன். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஓரத்துச் செம்மண் சரளையில் திருப்பி விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது, வேட்டி கிழிந்தது. ஆட்டுக்காரர் தூக்கிவிட்டுக் கேட்டார்: "பிரேக் இல்லாத வண்டியில எதுக்கு வர்றீங்க பெரியவரே?"

கடையில் போய் நின்றால், "நீங்க சரியா அழுத்தலை ஐயா. வயசாச்சுல்ல. வாரண்டி ஃபிரேமுக்கு மட்டுந்தான்" என்கிறான். ஒற்றை விரலால் தொட்டால் போதும் என்று சொன்ன அதே வாய்.

அப்புறம் புதுவயலில் வெகுகாலமாகச் சைக்கிள் வேலை பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் என்ற சின்னக் கட்டையைக் கழற்றி மூக்கருகே வைத்து மோந்தார். "எண்ணெயை நல்லா குடிச்சிருக்குண்ணே. இனி துடைச்சாலும் ஆகாது, மாத்தத்தான் வேணும்" என்றார். டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாதாம். அழுக்கானால் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். புது டிஸ்க்கை முதலில் இருபது முப்பது தடவை வேகமாக ஓட்டி மெதுவாகப் பிடித்துப் பழக்க வேண்டும், பாதிச் சத்தம் அதிலேயே அடங்கும் என்றார். என் வண்டியில் இருப்பது கேபிள் டிஸ்க், அதாவது ஒயர் இழுத்துப் பிடிக்கும் வகை. ஒரு பக்கத்துப் பேட் மட்டும் நகரும், மறுபக்கத்தை அவ்வப்போது ஸ்குரூ திருகி நெருக்கிவைக்க வேண்டும். இதில் ஒன்றையும் கடையில் சொல்லவில்லை.

இன்னொன்றும் காட்டினார். லீவரின் அடியில் ஒரு சின்ன ஸ்குரூ. அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வருகிறது. காலையில் என் விரல்கள் மடங்க நேரமாகும், எட்டிப் பிடிப்பதே சிரமம். அந்த ஒரு திருகில் பாதிச் சிரமம் போயிற்று. எந்த பிரேக் என்பதைவிட உங்கள் விரல் அதை எட்டுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வேறு கடையில் இன்னொரு வண்டி வாங்கினேன். பார் தாழ்ந்த, லேடீஸ் சைக்கிள் என்பார்களே, அந்த வகை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அலாய் ரிம், அதை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் அழுத்தும் வி பிரேக்; கடைகளில் பவர் பிரேக் என்று கேட்டாலும் தருவார்கள். கட்டை தேய்ந்தால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தடவை பணம் கொடுக்கும் முன் வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். தெருவில் ஓட்டி, முன் பிரேக்கைத் தனியாக, பின் பிரேக்கைத் தனியாகப் பிடித்துப் பார்த்தேன். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது கைதான் முன் பிரேக், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான். கையோடு அச்சடித்த பில்லையும் வாங்கிக்கொண்டேன்.

பழைய டிஸ்க் வண்டியைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டான். பேட் மாற்றியபின் நன்றாகவே நிற்கிறது. படியில் அவனே ஒற்றைக் கையால் தூக்கி ஏற்றுகிறான்.