சென்டர் பஞ்ச் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: எனக்கு 1,850 ரூபாய் போச்சு

திருநெல்வேலியில ஒரு பெரிய டூல்ஸ் கடை. பேரை இங்க எழுதல. அங்க 1,850 ரூபாய் கொடுத்து வாங்கின பஞ்ச் செட்டு (துளை வர்ற இடத்துல அடிச்சுச் சின்னக் குழியா குறி போடுற கூர்முனைக் கருவிங்க), ஒரு கதவு வேலைக்குக்கூடத் தாங்கல.

நான் கேட்டது ரொம்பத் தெளிவா. மரத்துல குறி போட 60 டிகிரி கூர்முனை ஒண்ணு, கீல் பட்டையில துளை போட 90 டிகிரி ஒண்ணு, கூட, சுத்தியல் இல்லாம அமுக்கினாலே ஸ்பிரிங்ல அடிக்குற ஆட்டோமேட்டிக் பஞ்ச் ஒண்ணு. தேக்குல ஒரு ரேகை கெட்டி, அடுத்தது மெத்துனு இருக்கும். மொட்டை முனை கெட்டியில வழுக்கி மெத்துப் பக்கம் ஓடிரும், பின்னால வர்ற டிரில் பிட்டும் அங்கதான் போகும். கூர்முனைதான் நாரை அறுத்துக்கிட்டு வெச்ச இடத்துல இறங்கும். இரும்புக்கு அகலமான குழி வேணும், அப்பதான் பிட் உக்காரும். இதையெல்லாம் நான் விளக்குறதுக்கு முன்னாலயே கடைத் தம்பியே சொன்னான். அதுலதான் நம்பினேன்.

"அம்பாசமுத்திரத்துல சொப்புச் சாமான் கடையுதவங்க பூரா நம்மட்டதான் வாங்குதாவ அண்ணாச்சி"ன்னான். கடைசல்ல, அதாவது கட்டையைச் சுழல விட்டுச் சீவுறப்ப, நடுப்புள்ளி மயிரிழை பிசகினாலும் கட்டை ஆடும். அவங்களே வாங்குற சாமான்னா யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரு தகட்டை வெச்சு ஆட்டோமேட்டிக்கை அமுக்கினான், டக்குனு குழி விழுந்துச்சு. "முனை போச்சுன்னா கொண்டாங்க, மாத்தித் தாரோம்"னு வேற வாக்கு. எண்ணிக் கொடுத்தேன் 1,850 ரூபாய்.

அவன் காட்டினது அலுமினியத் தகடு. அதுல சாதா ஆணிகூடக் குழி போடும்!

பட்டறையில இரும்புக் கீல் பட்டையில அடிச்சதும் முனை காளான் மாதிரி விரிஞ்சிருச்சு. அரத்தை வெச்சு இழுத்தா துகளா உதிருது. பதம் போட்டுக் கெட்டியாக்கின எஃகுல அரம் வழுக்கணும், இது வெறும் பச்சை இரும்பு. 60, 90னு பொறிச்சிருக்குற ரெண்டையும் அளந்து பார்த்தா ஒரே கோணம். ஆட்டோமேட்டிக்ல ஸ்பிரிங் சிக்கிக்கிட்டு அமுக்கினா அடிக்கவே இல்ல. இதுக்கு நடுவுல ஒருத்தர் வீட்டுத் தேக்கு நிலையில திருகாணித் துளை விலகிப் போச்சு. அதை யார் ஈடு கட்டுறது?

திருப்பிக் கொண்டு போனா, என்னை அண்ணாச்சின்னு கூப்பிட்ட அதே தம்பி முகத்தைத் திருப்பிக்கிட்டான். "முதலாளி தூத்துக்குடி போயிருக்காவ, நாளைக்கு வாங்க." மறுபடி போனா, "கம்பெனிக்குச் சொல்லியிருக்கு." அப்புறம் முதலாளியே, "நீங்க ஓங்கி அடிச்சிருப்பிய, டூலுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுல்லா"ங்காரு. சென்டர் பஞ்சை அடிக்காம என்ன செய்யுறது? இப்ப போனை எடுக்குறதே இல்ல. மாத்தித் தரவும் இல்ல, 1,850 ரூபாயைத் திருப்பித் தரவும் இல்ல.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். இருக்குற ஆத்திரத்துல இவ்வளவுதான் வருது. சின்ன அரம் ஒண்ணு கொண்டு போங்க, முனை ஓரத்துல லேசா உரசுங்க, அரம் கடிச்சா வாங்காதீங்க. இரும்புல அடிச்சுக் காட்டச் சொல்லி, குழியைப் பார்க்காம முனையைப் பாருங்க. மாத்தித் தாரோம்னா பில்லுலயே எழுதி வாங்குங்க. மரவேலைக்கு மட்டும்னா நல்ல குத்தூசியே போதும். ஏமாந்தவங்க நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்க. நானும் போடப் போறேன், அந்த 1,850 ரூபாயை விடுறதா இல்ல.